ஹோல் என்றால் ஓட்டை

லீக் என்ற சொல் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து உதிர்ந்த ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், உப்போடைப்பட்டியில் ஒழுகல் என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதை முதலில் கண்டுகொண்டவள் சத்துணவுச் சமையல்காரி செண்பகவடிவு. நாலு வருஷமாக அடியில் சோப்புக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஒப்பேற்றிவந்த சாம்பார் அண்டா அன்றைக்கு ஒரு சொட்டுகூட அடுப்பில் சிந்தவில்லை. வெளியே வந்து பார்த்தால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஓட்டு வீடுகளில் ஒழுகலுக்கு வைத்த குண்டான்களும் வாளிகளும் காய்ந்து கிடக்கின்றன, பத்து வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த தெருக்குழாய் கப்பென்று நின்றிருக்கிறது. சுவரடியில் கிடந்த காரைப் பொருக்கைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு அவள் சோறு வடிக்கப் போனாள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியர் ஞானதுரை, இங்கிலீஷைக் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைகள் மண்டையில் தங்கும் என்று நம்புகிறவர். பழங்களின் குடும்பம் ஒன்றாம் வகுப்புச் சுவரில், பறவைகளின் குடும்பம் இரண்டாம் வகுப்புச் சுவரில் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் தெருவைப் பார்த்த நீளச் சுவர் ஒன்று மிஞ்சியது, மிஞ்சிய குடும்பமும் ஒன்றுதான், ஓட்டைகளின் குடும்பம். உச்சியில் முழ உயர எழுத்தில் ஹோல் என்றால் ஓட்டை என்று தொடங்கி, பிட் என்றால் குழி, கிராக் என்றால் விரிசல், பர்ரோ என்றால் வளை, டனல் என்றால் சுரங்கம் என்று இறங்கி, மவுத் என்றால் வாய் என்று முடியும் நாற்பத்தோரு சொற்கள். தினமும் காலையில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து ராகம் போட்டுப் பாடியதில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பாடமாகிவிட்டது. ஆனால் சுவரைக் கட்டிய புண்ணியவான் ஓடைத் தண்ணீரில் சிமென்ட்டைக் குழைத்துக் கட்டியிருந்தான், அந்த ஓடையில் உப்புதான் ஓடும், கூடவே கொஞ்சம் தண்ணீரும் வரும். சுவர் உப்புப் பூத்து, காரை உப்பி, சொற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. எந்தச் சொல் பெயர்ந்ததோ அந்த வகை ஓட்டை ஊர் எல்லைக்குள் அடைபட்டது.

அடுத்து விழுந்தது பஞ்சர். பஸ் நிறுத்தத்தில் பஞ்சர்க் கடை வைத்திருந்த காசிமாயன் மூன்று நாள் ஈ ஓட்டிவிட்டு, நாலாம் நாள் ரோட்டில் தானே ஆணி போட்டுப் பார்த்தார். டயர்கள் ஆணியை ஏறி மிதித்துச் சிரித்துக்கொண்டு போயின. பிறகு பாட்ஹோல் விழுந்தது, ரோட்டுப் பள்ளங்கள் ஒரே ராத்திரியில் மேடாகி, மினிபஸ் ஏழு நிமிஷம் முன்னதாக வந்து சேர்ந்தது, ஜனங்கள் சுவருக்குச் சந்தனம் தெளித்து மாலை போட்டார்கள். கேவிட்டி விழுந்ததில் சொத்தைப் பல் அடைபட்டவர்கள் தேங்காய் உடைத்தார்கள். காசிமாயனைப் பார்த்து, "அண்ணாச்சி, ஊருக்கு நல்லது நடக்கும்போது ஒருத்தருக்குக் கஷ்டம்தான்" என்று எல்லாரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். கஷ்டம் தங்களுடையதாக இல்லாவிட்டால் இந்த ஊரில் பெருந்தன்மைக்குப் பஞ்சமே கிடையாது.

கீஹோல் விழுந்த அன்றைக்குத்தான் ஊர் அலறியது. சாவித் துவாரம் எல்லாம் வழவழவென்று மூடிக்கொள்ள, வீட்டுக்குள் பூட்டிக்கொண்டவர்கள் உள்ளேயும் வெளியே போனவர்கள் வெளியேயும் நின்றார்கள். மறுநாள் ஊசியின் காது அடைபட்டது, தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சுவரடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஞானதுரை சார்தான் யோசனை சொன்னார். விழுந்த சொல்லைத் திரும்ப எழுதிப் பார்ப்போம் என்று ஏணி வைத்து ஏறி எழுதினார், பெயின்ட் காய்ந்ததும் ஊர் முழுக்கப் பூட்டுகள் கிளுக் கிளுக்கென்று வாய் திறந்தன. அதோடு ஒரு கமிட்டி உண்டாயிற்று. எந்தச் சொல்லைக் காப்பாற்றுவது, எந்தச் சொல்லை விழ விடுவது என்று கமிட்டி ராவும் பகலும் வாதாடியது. லீக்கையும் பஞ்சரையும் திரும்ப எழுதக் கூடாது என்பது ஒரே குரலில் முடிவானது. மவுத்துக்கு மூன்று பூச்சு ஆயில் பெயின்ட் முதல் வேலையாக அடிக்கப்பட்டது. பயிரைத் தின்னும் எலிகள் மேல் கோபம் கொண்ட ஒரு சம்சாரி, யாருக்கும் தெரியாமல் கரண்டியால் பர்ரோவைச் சுரண்டி எடுத்துவிட்டார். வளைகள் மூடவில்லை, இரண்டு மடங்காகப் பெருகின. சுவராக மனசு வைத்து விட்டால்தான் உண்டு, நாம் பிடுங்கினால் செல்லாது என்று அப்போது ஊருக்கு விளங்கியது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் செண்பகவடிவு பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல்லைத்தான்.

அவள் மகள் தங்கப்பேச்சிக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து இருதயத்தில் ஓட்டை. ஓடினால் மூச்சு வாங்கும், உதடு கறுக்கும், தின்கிற சோறு உடம்பில் ஒட்டாது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் குர்ர்ர் என்று ஓர் அதிர்வு, மடியில் தூங்கும் பூனையிடம் வருமே அதுபோல. தை பிறந்த மறுவாரம் மதுரையில் ஆபரேஷன் என்று பெரிய டாக்டர் தேதி கொடுத்திருந்தார். நெஞ்செலும்பைத் திறந்து, இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, அடைத்துவிட்டுத் திரும்ப ஓடவிடுவார்களாம். சின்ன ஓட்டையை அடைக்க எதற்கு இத்தனை பெரிய ஓட்டை போட வேண்டும் என்று அவள் கேட்டாள், டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார், ஆனால் இருதயத்தை நிறுத்திவைப்பது என்ற இடத்துக்கு அப்புறம் அவள் காதில் எதுவும் ஏறவில்லை. புருஷன் லாரியோடு ஆந்திரா பக்கம் போயிருந்தான். "நல்லதே நடக்கும், பயப்படாத" என்று போனில் சொல்லிவிட்டு அவன் பயந்துகொண்டிருந்தான்.

அதனால் உச்சியில் இருந்த அந்தப் பெரிய சொல், ஹோல், அதன் முதல் எழுத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்ததை ஊரில் முதலில் பார்த்தவள் அவள்தான், பார்த்ததைச் சொல்லாமல் விட்டவளும் அவள்தான். கீஹோல் விழுந்தால் சாவித் துவாரம் அடைகிறது, ஹோல் விழுந்தால் ஓட்டை என்று பேர் உள்ளதெல்லாம் அடையும். இட்லித் தட்டு அடையட்டும், நாயனம் அடையட்டும், மூக்குத்தி குத்திய மூக்கு அடையட்டும், என் பிள்ளையின் நெஞ்சும் அடையுமல்லவா என்று அவள் நினைத்தாள். மார்கழி முதல் வெள்ளிக்கிழமையில் கமிட்டி அண்ணாந்து பார்த்துப் பதறி, அடுத்த வெள்ளிக்குள் ஏணி கட்டி அந்தச் சொல்லைப் புதுப்பிப்பது என்று தீர்மானம் போட்டது.

அவளுக்கு ஏழு நாள் இருந்தது. சுரண்டினால் செல்லாது. ஆனால் சுவருக்கு உப்பை ஊட்டினால்? பாத்திரம் கழுவியதும் ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு, கல் உப்பையும் இரண்டு கை அள்ளிப் போட்டு, சுவர் கழுவுகிறவள் மாதிரி உச்சிக்கு எட்ட வீசினாள். காலையில் ஒரு தரம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின் ஒரு தரம். சுவருக்குக் காவல் போட்டிருந்த காசிமாயன், பிழைப்புப் போன மனிதருக்குக் கமிட்டி பார்த்துக் கொடுத்த வேலை அது, "என்ன தாயி, சுவத்தைக் குளிப்பாட்டுற?" என்றார்.

"சந்தனத்துக்கு எறும்பு வருதுண்ணாச்சி" என்றாள் அவள். பொய் சொன்ன நாக்கு கரித்தது.

புதன்கிழமைக்குள் ஹோல் என்ற சொல் பூரி மாதிரி உப்பிவிட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தாள், உள்ளே ஓடி மகளின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பூனை இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற எஸ்தர் நர்ஸ் செண்பகவடிவின் வீட்டுக்கு வந்தார். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நாத்தனார் கனியம்மாளுக்கு ஏழு மாசம், வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு ஜோரா இருக்கு, ஓட்டை வழியா ரத்தம் ஒழுங்காப் போகுது போல" என்று சிரித்தார்.

பருப்புக்கு உப்பு எடுக்க வீட்டுக்கு வந்திருந்த செண்பகவடிவு வாசலிலேயே நின்றாள். "என்ன ஓட்டை சிஸ்டர்?"

"இருதயத்துலதான். வயித்துக்குள்ள இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டை உண்டு. மூச்சு விட முடியாதுல்ல, அது வழியாத்தான் ரத்தம் சுத்தும். பிறந்து அழுதபின்னாடி தானா மூடிக்கும்."

"முன்னாடியே மூடிட்டா?"

எஸ்தர் நர்ஸின் சிரிப்பு மறைந்தது. "முன்னாடியே மூடக் கூடாது" என்றார்.

கனியம்மாள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "எதுக்கு மதினி இப்படிக் கேக்கீக?" என்றாள். பதில் சொல்ல மதினி அங்கே இல்லை. உப்பு டப்பாவைப் போட்டுவிட்டு, தலைவிரிகோலமாக, தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது காரை மேல்பக்கம் விட்டு முன்னால் சாய்ந்திருந்தது. சத்துணவு மேஜையை இழுத்துப்போட்டு, அதன்மேல் கவிழ்த்த அண்டாவை வைத்து ஏறி, இரண்டு கையையும் நெற்றியையும் சேர்த்து அந்தச் சொல்லைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். பெயின்ட்டுக்குப் பின்னால் உப்பு நொறுநொறுவென்று உதிர்வது நெற்றியில் தெரிந்தது. "அண்ணாச்சி, ஓடி வாங்க! விழப்போகுது, நான்தான் உப்புத்தண்ணி ஊத்துனேன், பாவி நான்தான், விடக் கூடாது அண்ணாச்சி!" என்று அவள் கத்தியதில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள்.

காசிமாயன் கடைக்கு ஓடினார். பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து, இரண்டு மாதமாகத் தொடாத ரப்பர் சொல்யூஷன் டியூப்களையும் ஒட்டுத் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். எழுத்தின் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஊதித் துடைத்து, சொல்யூஷனைப் பூசி, காயவிட்டு, நாற்பது ஒட்டுப் போட்டு, ஒவ்வோர் ஒட்டையும் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி இறுக்கினார். அவர் முடித்து இறங்கும்வரை, பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள் என்றுகூடத் தெரியாமல், அவள் சுவரை விடவில்லை. "பிடிச்சுக்கிடும் தாயி, கையை எடு" என்று அவர் மூன்று தரம் சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் கமிட்டி அவளை நிறுத்தி வைத்து விசாரித்தது. ஏசியவர்கள் நிறைய. ஊரில் கனியம்மாளோடு சேர்த்து ஐந்து பெண்கள் மாசமாக இருந்தார்கள், அவர்கள் வீட்டார் ஏசியதை அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கடைசியில் முந்தானையிலிருந்து மதுரை ரிப்போர்ட்டை எடுத்து ஞானதுரை சாரிடம் நீட்டினாள்.

"சார், சுவத்துல நாப்பத்தோரு ஓட்டைக்குத் தனித்தனியாப் பேரு எழுதி வச்சிருக்கீகளே, எம்பிள்ள நெஞ்சுல இருக்கிற ஓட்டைக்குன்னு ஒரு பேரு இருக்குமா?"

சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "வென்ட்ரிகுலர் செப்டல் டிஃபெக்ட். இருதயத்துக் கீழறை ரெண்டுக்கும் நடுச்சுவத்துல இருக்கிற ஓட்டை."

"வயித்துப் பிள்ளைக்கு இருக்கிறதும் இதுதானா?"

எஸ்தர் நர்ஸ் முன்னால் வந்தார். "இல்ல. அது மேலறைச் சுவத்துல. அதுக்குப் பேர் வேற."

"அப்ப எம்பிள்ளை ஓட்டைக்குப் பேரை எழுதுங்க சார். எழுதி, அதை மட்டும் விழ விடுங்க."

இரண்டாம் வகுப்புப் பையனின் தாய் ஒருத்தி எழுந்து, "எழுதுனதும் எம்மகன் நெஞ்சுலயும் ஓட்டை விழுந்தா?" என்று கேட்டாள். கீஹோலைத் திரும்ப எழுதியபோது பழைய பூட்டில்தான் துவாரம் வந்தது, உலக்கையில் வரவில்லையே என்று சார் சொல்லிப் பார்த்தார். ஆனால் சுவரில் இல்லாத சொல்லைப் புதிதாக எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, தெரியாது என்பதையும் அவரே சொன்னார். வாதாடி வாதாடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாளை மதியம் தங்கப்பேச்சியைத் தவிர ஊரிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரையும் மாசமான பெண்களையும் ஓடைக்கு அக்கரை, எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோய்விடுவது. அதன்பிறகு எழுதுவது. பெயின்ட்டில் எழுதினால் விழ எத்தனை வருஷம் ஆகுமோ, எனவே அரிசி மாவில் எழுதுவது. எறும்பு கொண்டுபோனால் அது சுவர் தானாக விட்டமாதிரிதான் என்று காசிமாயன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பிள்ளைகள் திரும்பிவருவதற்குள் மாவு போயிருக்க வேண்டும். இருட்டுமுன் போகாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், மறுபடி கேட்கக் கூடாது. துடைத்தால் செல்லாது என்பது எல்லாருக்கும் தெரியும். துடைத்தால் இரண்டு மடங்காகும் என்பதும் தெரியும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊர் காலியானது. கைக்குழந்தைகளைத் தூளியோடு தூக்கிக்கொண்டு, கனியம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கோழிக்குஞ்சுகளைக்கூடக் கூடையில் கவிழ்த்துக்கொண்டு ஜனங்கள் அக்கரைக்குப் போனார்கள். சுவரடியில் சாரும் காசிமாயனும் செண்பகவடிவும் தங்கப்பேச்சியும். சார் சாக்பீஸால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கோடு போட்டுக் காட்ட, இங்கிலீஷில் ஒரு எழுத்தும் எழுதியறியாத செண்பகவடிவு, கருப்பட்டிப் பாகில் குழைத்த மாவைத் தொட்டுத் தொட்டு, மாக்கோலம் போடும் கையால் அந்த நீளப் பேரை எழுதி முடித்தாள். மகள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பூனை முன்னைவிடப் பலமாக உறுமியது.

மாவு காய்ந்தது. ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. ஒரு எறும்புகூட வரவில்லை. ஒரு வாரம் சுவரடியில் அவள் ஊற்றிய உப்புத்தண்ணீரில் அங்கே இருந்த எறும்பெல்லாம் குடிபெயர்ந்துவிட்டிருந்தன. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "நானே கெடுத்துக்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுப்படியில இருக்குல்லம்மா" என்றாள் தங்கப்பேச்சி.

இருந்தது. சத்துணவுக்கூடத்து வாசற்படியடியில் ஒரு எறும்புக் குடும்பம், இத்தனை வருஷமாக அவளுக்குப் பரம விரோதி, வெல்ல டின்னைச் சுற்றி மருந்துச் சாக்பீஸால் கோடு கிழித்து அவள் பட்டினி போட்டு வைத்திருந்த கூட்டம். ஓடிப்போய் ஈரத்துணியால் அந்தக் கோட்டை அழித்தாள். படியிலிருந்து சுவர் வரைக்கும் இருபது எட்டுக்கு வெல்லத்தூளை இழை பிசகாமல் தூவினாள். "வாங்க தாயி, வாங்க சாமி, இனிமே உங்க பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன், வாங்க" என்று முட்டிபோட்டுக் கெஞ்சினாள். முதலில் ஒன்று வந்தது. மோந்து பார்த்துத் திரும்பிப் போனது. அப்புறம் எறும்புச் சாரையே வந்தது.

மூன்றரை மணிக்கு முதல் எழுத்து போயிற்று. நாலரைக்குள் பாதிப் பேரைத் தூக்கிக்கொண்டு போயின. செண்பகவடிவு படிக்கட்டில் மகளை மடியில் இருத்தி, ஒரு கை அவள் நெஞ்சில், கண் படியடித் துளையில் என்று உட்கார்ந்திருந்தாள். உறுமல் தளர்ந்துகொண்டே வந்ததா, அவளுக்குத்தான் கை மரத்துவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. அக்கரையிலிருந்து குழந்தைகள் பசிக்கு அழும் சத்தம் வந்தது. பொழுது சாய, சார் ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு வெட்கப்பட்டு, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கடைசி எழுத்தின் கடைசித் துணுக்கை ஒரே ஒரு எறும்பு இழுத்துக்கொண்டு வந்தது. துளை வாயில் வந்து நின்றது. துணுக்கு பெரிது, துளை சிறிது. குறுக்கே வைத்து இழுத்தது, நுழையவில்லை. விட்டுவிட்டுச் சுற்றி வந்தது, மறுபடி கவ்வி இழுத்தது. இரண்டு மாதமாக உலகத்து ஓட்டையெல்லாம் அடைபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு துளை ஒரு நூல் அகலமாக இருக்கக் கூடாதா என்று மனசுக்குள் கதறினாள். தலைக்கு மேலே நாற்பது ஒட்டுகளோடு ஹோல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எறும்பு துணுக்கைச் செங்குத்தாக நிமிர்த்தியது, பின்னால் நடந்து உள்ளே இறங்கியது, துணுக்கும் இறங்கியது.

உள்ளங்கைக்கு அடியில் உறுமல் நின்றது.

எல்லாமே நின்றுவிட்டதோ என்று அவள் கையை இன்னும் அழுத்தினாள். பிறகு உள்ளே ஒரு தட்டு கேட்டது, அடுத்து இன்னொன்று, யாரோ நல்ல கதவை நிதானமாகத் தட்டுவதுபோல. அவள் கையை எடுக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

"அம்மா, கையை எடு, கூசுது" என்றாள் தங்கப்பேச்சி. மடியிலிருந்து நழுவி இறங்கினாள். "நான் போயி எல்லாரையும் வரச் சொல்றேன்" என்று ஓடைப் பக்கமாக ஓட ஆரம்பித்தாள். கொடிமரம் தாண்டி, பஸ் நிறுத்தம் தாண்டி, காசிமாயன் கடை தாண்டி, நிற்காமல், மூச்சு வாங்காமல், ஓடினாள். ஆறு வருஷமாகத் தினமும் நூறு தரம் சொல்லிப் பழகிய 'ஓடாதடீ' என்ற சொல்லுக்காகச் செண்பகவடிவின் வாய் திறந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.